ரத்தக்கட்டி வந்த பிறகு மறுபடி உடற்பயிற்சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் பிசியோதெரபிஸ்ட். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை, அதில் நான் தலையிடப் போவதில்லை. வந்த கேள்விகளில் பாதி, அசைந்தால் ஆபத்தோ என்ற பயத்தில் கேட்டவை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: காலில் டிவிடி (ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தக்கட்டி) வந்து இரண்டு வாரம் ஆகிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். நடந்தால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடாதா? வீட்டில் எல்லோரும் படுத்தே இருக்கச் சொல்கிறார்கள்.

வீட்டில் சொல்வதைத் தப்பு சொல்ல முடியாது, ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் படுக்க வைத்தார்கள். ஆனால் உறைதல் தடுப்பு மருந்து சரியாக வேலை செய்யத் தொடங்கிவிட்டால், நடப்பதால் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி வளராமலும் புதிதாக உருவாகாமலும் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கரைக்கும் வேலையை உங்கள் உடம்பே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லச் செய்கிறது. நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்கிப் பாருங்கள், கெண்டைக்கால் தசை இறுகுவது கைக்குத் தெரியும். ஒவ்வொரு முறை இறுகும்போதும் அது ஆழத்தில் இருக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது, படுத்தே கிடந்தால் அது நடக்காது. சரி, எல்லோருக்கும் இது பொருந்துமா? பெரிய கட்டி, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, டாக்டரே ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றால் அவர் சொல்லும்வரை பொறுங்கள்.

கேள்வி: எவ்வளவு நடப்பது? அதிகமாகிவிட்டால் எப்படித் தெரியும்?

5 நிமிடத்தில் ஆரம்பித்து, ஒரே மூச்சில் நீட்டாமல் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை நடங்கள். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். அடுத்த நாள் காலையில் எழுந்ததும் முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில், இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். சாயங்காலம் வீங்கி, காலைத் தூக்கி வைத்துத் தூங்கி எழுந்ததும் வடிந்துவிட்டால் கவலை இல்லை, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சில நிமிடம் கூட்டலாம். காலையிலும் வடியவில்லை என்றால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். திடீரென்று வீக்கமும் வலியும் ஏறினால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: நுரையீரலில் கட்டி வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஸ்கேனில் கட்டி போய்விட்டது என்கிறார்கள், ஆனால் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எல்லாம் பயம்தான் என்கிறார்கள், உண்மையா?

பயமும் இருக்கும், ஆனால் பயம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் அசையாமல் இருந்தால் இதயமும் தசைகளும் பழக்கம் விட்டுப்போகும், அது திரும்ப மாதங்கள் ஆகலாம். நாலு படி ஏறி நின்று, மூச்சு அடங்கியதும் அடுத்த நாலு படி ஏறுங்கள். வாரா வாரம் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிய வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்கினால், எக்கோவும் (இதய ஸ்கேன்), தேவைப்பட்டால் நுரையீரல் வெண்டிலேஷன் பெர்ஃப்யூஷன் ஸ்கேனும் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கே போகின்றன என்று காட்டுவது) எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். சிலருக்குப் பழைய கட்டி தழும்பாக நின்று, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதற்குச் சிகிச்சை உண்டு, ஆனால் தேடினால்தான் கண்டுபிடிக்க முடியும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம்: இதில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: ஜிம், ஃபுட்பால் எப்போது?

நடை சுலபமானதும், டாக்டரிடம் கேட்டுவிட்டு, நிலையான சைக்கிள், நீச்சல், பிறகு லேசான எடை. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். கையில் கட்டி வந்தவர்கள், அதுவும் தலைக்கு மேல் எடை தூக்கிப் பழகியவர்கள், ரத்தக்குழாய் நிபுணரைப் பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம், கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் சிரை நசுங்குவது காரணமாக இருக்கலாம். மருந்து சாப்பிடும்வரை ஃபுட்பால், குத்துச்சண்டை மாதிரி மோதும் விளையாட்டு கூடாது. தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே கசிவது வெளியே தெரியாது.

கேள்வி: பயிற்சி செய்த வலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரினும் அப்படித்தான், உறைதல் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பொதுவாகப் பாரசிட்டமால் பரவாயில்லை, ஆனால் வார்ஃபரின் என்ற உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடர்ந்து பல நாள் போட வேண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறலாம். கட்டி இருக்கும் காலை அழுத்தி மசாஜ் செய்வதும் வேண்டாம்.

கேள்வி: ஐந்தாவது வாரம். நன்றாக நடக்கிறேன், வீக்கம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. வழக்கமாகக் குறைந்தது மூன்று மாதம், சிலருக்கு இன்னும் நீளும், கட்டி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. நீங்கள் இவ்வளவு தைரியமாக நடப்பதே அந்த மாத்திரை உள்ளே வேலை செய்வதால்தான். அடுத்த தடவை போகும்போது காலை அளந்து எழுதிய தாளைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், எப்போது நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.