ஆபீஸ் ஆர்டரை மட்டும் நம்பி நிற்கும் அச்சகத்துக்கு

அண்ணே, ராமநாதபுரத்தில் அச்சகம், வேலை பூராவும் அரசு அலுவலகப் படிவங்களும் பதிவேடுகளும், பில் மாதக்கணக்கில் நிற்கிறது, மதுரைக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். நம்ம ஊரே சம்பளத் தேதியைப் பார்த்து ஓடுகிற ஊர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கமும் அரசு நிவாரணத்தைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது. அதை மாற்ற உங்களை மாதிரி ஆட்கள் இங்கேயே இருக்க வேண்டும்.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இல்லையென்றால் உடனே போடுங்கள். சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதமானால் வட்டியோடு கேட்டு சிறு தொழில்களுக்கான மத்திய அரசு இணையதளத்தில் மனு போடலாம்.

நிஜமான வழி லேபிள் வேலை. நம்ம மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனாலும் பெரும்பாலும் சாக்கு மூட்டையில்தான் போகிறது. சாயல்குடி கருப்பட்டிக்கும் பேரில்லை, ஊரில்லை. ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர் வாங்கும் கருவாடு வெறும் பாலிதீன் பையில். அதற்குக் காகித லேபிள் அடிக்காதீர்கள். உப்பும் ஈரமும் பட்டு மை கலங்கிவிடும், பிளாஸ்டிக் ஸ்டிக்கர்தான் நிற்கும். எடை, பேக்கிங் தேதி, உணவு உரிம எண் எல்லாம் இருக்கட்டும். மகளிர் குழுக்களிடம் சின்ன ஆர்டராக ஆரம்பியுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிவிடுங்கள், இங்கேயும் கடன் வேண்டாம்.