உருவாக்கப் பதிப்பை இப்போதே நிறுவலாமா?
ஒரு மென்பொருளில் உங்களுக்குத் தேவையான திருத்தம் மூல நிரலில் சேர்ந்துவிட்டது, வெளியீடுதான் வரவில்லை, காத்திருக்க வேண்டுமா, அல்லது இன்னும் வெளியிடப்படாத உருவாக்கப் பதிப்பையே நிறுவலாமா என்று கேட்கிறீர்கள். சோதித்துப் பார்க்கத் தாராளமாக நிறுவுங்கள். அன்றாட வேலைக்கு வேண்டாம். வழுக்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். புதிய பதிப்பு தரவுக் கோப்பின் அமைப்பையே மாற்றிவிட்டால், பழைய பதிப்பு அதைத் திறக்காமல் போகலாம். பிறகு திரும்பி வருவது பெரும்பாடு.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் கள்ளத்தனமாக நுழைய வைத்த ரகசிய வழி) இருப்பது தெரியவந்தபோது, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைக் கிளைக்குள் அவை ஏற்கெனவே நுழைந்திருந்தன. நிலையான கிளை தப்பியது. இத்தனைக்கும் அவை எக்ஸ்இசட்டின் அதிகாரபூர்வ வெளியீடுகளே!

ஒரே ஒரு திருத்தம்தான் தேவையென்றால், அந்த மாற்றத்தை மட்டும் நிலையான பதிப்பின் நிரலில் சேர்த்துத் தொகுத்து, இயங்கும் நிரலாக்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்வேன், காப்புப்பிரதி எடுத்த பிறகு.