வில்லிஸ் ஜீப்: கரும்புகைக்கு எஞ்சினை இறக்க வேணாம்

தம்பி, நாவலப்பிட்டியில் ஒழுங்காக ஓடுற 1944 வில்லிஸ், நுவரெலியா ஏறினதும் கரும்புகை கக்குது என்று எஞ்சினையே இறக்கப் போறீங்களா? பொறுங்க. அங்கே உயரம் 1,800 மீட்டருக்கு மேல். காற்று அடர்த்தி குறையும், காற்றோடு பெட்ரோலைக் கலக்கிற கார்புரேட்டர் விடுற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. பிளக்கைக் கழற்றுங்க, நுனியில் காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடிப்போனதுதான் கதை. சோக் (காற்று வழியை அடைக்கிற தட்டு) முழுசாகத் திறக்குதா, ஏர் கிளீனர் ஒயில் சேறாகிக் கிடக்குதா என்று முதலில் பாருங்க. பிறகு கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுற துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றுங்க.

எனக்குப் பயம் வேற இடத்தில். மிதிச்சுப் பிடிச்சா பிரேக் பெடல் மெதுவாக இறங்குது என்று உங்க கடிதத்தின் கடைசி வரியில் சும்மா சொல்லிட்டுப் போயிட்டீங்க! அந்த ஜீப்பில் பிரேக் ஒயிலை அழுத்தி அனுப்புற மாஸ்டர் சிலிண்டர் நாலு சில்லுக்கும் ஒன்றேதான். எங்கே கசிந்தாலும் நாலும் போச்சு. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களை மாற்றும் வரைக்கும் ரம்பொடை இறக்கத்துப் பக்கமே போகாதீங்க.