வளைந்த தண்டுள்ள பழைய சுங்கானைச் சுத்தம் செய்து பராமரிப்பது எப்படி?

தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு சுங்கான், அதாவது புகைக்கும் பைப், கிடைத்ததாகவும், வாயில் வைக்கும் கறுப்புத் தண்டு வளைவாக இருப்பதாகவும், அது இப்போது பச்சையும் பழுப்புமாகிவிட்டதாகவும், உள்ளே கம்பி விட்டால் பாதியில் நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெந்நீரில் ஊறவைக்கலாமா என்பதுதான் உங்கள் முக்கியக் கேள்வி.

தயவுசெய்து வேண்டாம். மற்றதை எல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் உடனே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்புப் பொருள் எபொனைட். ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்து, நெடுநேரம் சூடாக்கி இறுக்குவார்கள். பெரும்பாலும் தண்டை நேராகச் செய்து, துளையும் நேராகப் போட்டு, அப்புறம்தான் சூடாக்கி வளைத்து ஆறவைப்பார்கள். மறுபடியும் நல்ல சூடு பட்டால் எபொனைட் தன் பழைய நேரான நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கொதிநீரில் போட்டால் சில நிமிடங்களில் வளைவு விரியத் தொடங்கிவிடும். அதோடு பச்சை நிறமும் போகாது, இன்னும் கூடும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டிலும் இதே காரணத்துக்காக வைக்கக் கூடாது.

இதே இடத்தில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தண்டு இருந்தால் நிறம் மாறியிருக்காது. பச்சையேறியிருப்பதே உங்களுடையது எபொனைட் என்று சொல்லிவிடுகிறது. அக்ரிலிக் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அதை ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள், மயிரிழை விரிசல்கள் வரும். குளிர்ந்த நீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் புகைப்பதில்லை. என் அப்பா பைப் பிடித்தவர். அவர் விட்டுச்சென்ற பைப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன், கேட்கிற நண்பர்களுடையதையும் சுத்தம் செய்து தருகிறேன். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் பைப் வாய், தொண்டைப் புற்றுநோயைக் கொண்டுவரும். அதனால் புகைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தா கையில் வைத்திருந்த பொருளை நாற்றமில்லாமல், உடையாமல், அவர் வைத்திருந்த தோற்றத்தில் காப்பாற்றுவது செய்யத்தக்க வேலை.

வளைந்த பைப்பில் அழுக்கு எங்கே சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புகையிலை எரியும்போது நீராவி வரும். அது குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும். வளைந்த பைப்பில் அந்த நீரும், வாயிலிருந்து இறங்கும் எச்சிலும், தாரும் சேர்ந்து கீழே தாழ்ந்திருக்கும் இடத்தில், அதாவது தண்டு மரத்துக்குள் நுழையும் குழியின் அடியில் தேங்கும். புகைக்கும்போது வரும் களகளச் சத்தம் அங்கிருந்துதான். பலர் புகையிலை நிரப்பும் கிண்ணத்தை மட்டும் சுரண்டிவிட்டு நாற்றம் போகவில்லையே என்று கேட்கிறார்கள். நாற்றம் இருப்பது பெரும்பாலும் அந்தக் குழியில்.

டப்ளினில் கடை வைத்திருந்த சார்லஸ் பீட்டர்சன் இந்தத் தேங்கும் நீருக்காகவே ஒரு வழி கண்டார். குழியின் அடியில் கூடுதலாக ஒரு சிறு பள்ளம் தோண்டி, ஈரம் அதில் தங்கும்படி செய்து, 1890-ல் காப்புரிமை வாங்கினார். சிஸ்டம் பைப் என்று இன்றும் விற்கிறார்கள். உங்கள் பைப்பில் கிண்ணத்திலிருந்து நீளும் மரக்கழுத்தின் முனையில் உலோக வளையம் இருந்து, தண்டு அதற்குள் ஆப்பு மாதிரி செருகிக்கொண்டால், அந்த வகையாகவோ அதைப் பார்த்துச் செய்ததாகவோ இருக்கலாம். அப்படியானால் சுத்தம் செய்யும் கம்பியான பைப் கிளீனரை வாயிலிருந்து கிண்ணம் வரை நேராக விட முடியாது, நடுவில் பள்ளம் குறுக்கிடும். நீங்கள் சொன்ன “பாதியில் நின்றுவிடுகிறது” என்பதற்கு அழுக்கு காரணமாக இல்லாமல் இதுவே காரணமாக இருக்கக்கூடும். வளையத்தில் நாய், கோபுரம் போன்ற சின்னங்கள் இருந்தால் அது பெரும்பாலும் நிக்கல். அயர்லாந்தைப் பெண்ணாகக் காட்டும் ஹிபர்னியா உருவமும் கிரீடம் வைத்த யாழும் ஒரு எழுத்தும் இருந்தால் அது டப்ளின் வெள்ளி முத்திரை, அந்த எழுத்தை வைத்து ஆண்டையே கண்டுபிடிக்கலாம். அதனால் அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தண்டைக் கழற்றும்போது கிண்ணத்தைப் பிடிக்கக் கூடாது, மரக்கழுத்தை இணைப்புக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வளைந்த தண்டு கைக்கு நல்ல நெம்புகோலாக அமைந்துவிடும், அதுதான் ஆபத்து. பக்கவாட்டில் சற்று அசைத்தாலே கழுத்து பிளந்துவிடும். ஒரே திசையில் மெல்லத் திருகிக்கொண்டே இழுங்கள். அசையவில்லையா? பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். எபொனைட் மரத்தைவிட அதிகம் சுருங்குவதால் பெரும்பாலும் கழன்று வரும். புகைப்பவர்களுக்கு: சூடாக இருக்கும்போது கழற்றவே கூடாது.

ஆல்கஹால் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், நம் ஊரில் தவறான ஸ்பிரிட்தான் சுலபமாகக் கிடைக்கிறது. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெயும் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ப்பதுண்டு. பைப்பில் பிசுக்கும் தைலவாசனையும் தங்கிவிடும். தச்சர்கள் பாலிஷுக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம், வாயில் வைக்கிற பொருளுக்கு அது கூடாது. மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று போட்டிருப்பது, நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். மரத்தின் வெளிப்பக்கம் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, சாயம் கரைந்து வரும்.

பைப் கிளீனர் என்பது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி. அதை நேராக விட்டால் வளைவில் கம்பி முனை சுவரைக் குத்தி நிற்கும். தண்டின் வளைவை வெளியே வைத்துப் பார்த்து அதே அளவுக்குக் கிளீனரை விரலால் வளைத்துக்கொள்ளுங்கள், ஆல்கஹாலில் நனையுங்கள், வாய்ப்பக்கத்திலிருந்து விடாமல் மரத்துக்குள் செருகும் முனையிலிருந்து விடுங்கள். அங்கே துளை அகலம், வாய்ப்பக்கம் போகப் போகக் குறுகித் தட்டையாகும். பீட்டர்சனின் பி-லிப் என்ற வாய்முனை வகையாக இருந்தால் துளை முனையில் இல்லாமல் மேல்பக்கம் திறக்கும். அதற்குக் கிளீனரின் நுனியை மேல்நோக்கி லேசாக மடக்கிவிட வேண்டும். அகலமான பக்கத்துக்குக் கிளீனரை இரண்டாக மடித்து விடுங்கள். வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பழைய பைப்புக்கு ஒரு கட்டு கிளீனர் தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை.

குழிக்குக் கிளீனர் போதாது. காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து அடிவரை விட்டுச் சுழற்றுங்கள். முதலில் தார் மாதிரியே கறுப்பாக வரும். இறுகிப்போயிருந்தால் மழுங்கிய ஒரு சிறு கரண்டிமுனையால் மெல்ல வழித்தெடுக்கலாம். அப்புறமும் நாற்றம் இருந்தால், கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, கழுத்துக்குள் முறுக்கிய பஞ்சுத்திரி ஒன்றை விட்டு, பஞ்சு நனையும் அளவுக்கு ஆல்கஹால் விட்டு இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் பஞ்சு பழுப்பாகியிருக்கும். உப்பு போட்டும் இதைச் செய்வார்கள், நான் பஞ்சைத்தான் விரும்புகிறேன். உப்பால் மரம் வெடித்துவிடும் என்ற அச்சம் பல பைப்காரர்களுக்கு உண்டு, பஞ்சில் அந்தக் கவலையே இல்லை. பிறகு சில நாட்கள் நிழலில் உலரட்டும். ஆல்கஹால் முழுக்கப் போகாமல் யாரும் நெருப்பு வைக்கக் கூடாது.

கிண்ணத்துக்குள் இருக்கும் கரிப்படலத்தை முழுக்கச் சுரண்ட வேண்டாம். பைப் செய்யும் மரம் பிரையர், மத்திய தரைக்கடல் பகுதியில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற செடியின் வேர்க்கட்டி. அதை எரியாமல் காப்பது அந்தக் கரிதான். ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் சூட்டில் கரி விரிந்து மரத்தைப் பிளக்கும். கத்தியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள். கரியைச் சீவும் கருவியான ரீமர் இல்லையென்றால் விரலில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தாலே போதும்.

இனி பச்சை நிறம். எபொனைட்டிலுள்ள கந்தகம் வெளிச்சத்தாலும் ஈரத்தாலும் மேற்பரப்புக்கு வந்து மாறுவதால் இது வருகிறது. ப்ளீச்சில் போட்டால் நிறம் போகும், ஆனால் தோல் சொரசொரப்பாகிவிடும். பொறுமையாகத் தேய்ப்பதே வழி. வாட்டர் பேப்பரில் 600, 1000, 2000 என்று வரிசையாக, குளிர்ந்த நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். வடியும் நீர் பழுப்பாக இருக்கும், கந்தக நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். வளைவின் உட்பக்கம்தான் கடைசிவரை பழுப்பாக நிற்கும். விரல் அங்கே சரியாகப் பதியாது, ஒரு பென்சிலில் தாளைச் சுற்றித் தேயுங்கள். இணைப்பு ஓரம் உருண்டுவிடாமல் இருக்க, பிளாஸ்டிக் மூடியில் ஒரு வளையம் வெட்டி இடையில் செருகிக்கொள்ளுங்கள். முத்திரை எழுத்து இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கடைசியில் வெள்ளைப் பற்பசையை மென்துணியில் எடுத்துத் தேய்த்துக் கழுவினால் கறுப்பு மின்னும். அதன்மேல் உணவுத்தர மினரல் ஆயிலை ஒரு துளி பூசித் துடையுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடை வரும்.

பல் பதிந்த குழிகள் இருந்தால் மட்டும், முதலில் எச்சரித்த அதே சூட்டைத் துணைக்கு அழைக்கலாம். பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் குழிகளையும் மேலே எழுப்பும். வாய்முனையை மட்டும் சில நொடிகள் வெந்நீரில் தொட்டு எடுங்கள், வளைவு நீருக்கு வெளியே இருக்கட்டும். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஏற்கெனவே வளைவு விரிந்துவிட்டதென்றால், துளை நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கிளீனரை விட்டு, சூடான காற்றில் சுழற்றிக் காட்டி, இளகியதும் வளைத்து, குளிர்ந்த நீரில் பிடித்து நிறுத்த வேண்டும். வாய்முனை கிண்ணத்தின் விளிம்புக்கு இணையாக வந்தால் அளவு சரி. மெழுகுவத்தியில் காட்டினால் கருகிவிடும்.

யாராவது இதில் புகைப்பதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஆறிய பிறகு கழற்றி, குழியை உலர்ந்த பஞ்சால் துடைத்து, குறைந்தது ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் பைப்பில் பள்ளத்து நீரைக் கொட்டிவிட வேண்டும். நீங்கள் நினைவுப் பொருளாக மட்டும் வைப்பதானால், சுத்தம் செய்து நன்றாக உலர்ந்தபின், பிளாஸ்டிக் உறையில் மூடாமல் துணிப்பையில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். கடலோர ஊர் என்றால் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்த்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் கிண்ணத்துக்குள் பூஞ்சை பிடிக்காது.