தொடரில் அப்பா எப்படி உயிரோடு வந்தார்?

வணக்கம். 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' அனிமேஷன் கதையின் இரண்டாம் படத்தில் இறந்துபோன ஸ்டோயிக், அதாவது நாயகன் ஹிக்கப்பின் அப்பா, 'ரேஸ் டு தி எட்ஜ்' தொடரில் உயிரோடு வருகிறாரே என்று உங்கள் மகள் அழுததாக எழுதியிருந்தீர்கள். பாவம், குழந்தை. குழப்பம் வெளியான வரிசையால் வந்தது. அந்தத் தொடர் 2015இல்தான் வந்தது. ஆனால் அதன் கதை 2014இல் வந்த இரண்டாம் படத்துக்கு முன்னால் நடக்கிறது.

முதல் படம், அப்புறம் 'ரைடர்ஸ் ஆஃப் பெர்க்', 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் பெர்க்', 'ரேஸ் டு தி எட்ஜ்' தொடர்கள், அதன் பிறகே இரண்டாம் படம். இந்த வரிசையில் பாருங்கள்.

ஹிக்கப்பின் இடது காலை அவளுக்குக் காட்டுங்கள். முதல் படத்தின் முடிவில் இழந்த கால் அது. தொடரில் ஆரம்பம் முதலே செயற்கைக் கால்தான். முகமும் இரண்டாம் படத்தைவிட இளசாக இருக்கும். "இது அப்பா இருந்தபோது நடந்த கதை, கண்ணு" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.