கழட்டாம டெஸ்ட் பண்ணா மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பழைய வால்வு ரேடியோ ஒண்ணு ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன் சார், ட்ரான்ஸ்ஃபார்மர் செட். பத்து நிமிஷம் நல்லா பாடுது, அப்புறம் சவுண்டு கரகரன்னு உடையுது, அவுட்புட் வால்வும் ரொம்ப சூடாகுது. எதையும் கழட்டாம மல்டிமீட்டர்ல பார்த்தேன். 47 கே ரெசிஸ்டர் 31 கே காட்டுது, 220 கே ஒண்ணு 340 கே காட்டுது, கண்டென்சர் எல்லாம் ஓகேன்னு வருது. ஒவ்வொண்ணா கழட்டித்தான் பார்க்கணுமா?

பதில்: தயவுசெஞ்சு எல்லாத்தையும் கழட்டாதீங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு காலையும் சாக்கெட் லக்ல (கம்பியை மாட்டுற சின்ன உலோகக் காது) சுத்தி முறுக்கித்தான் ஈயம் வச்சிருப்பாங்க, அவசரப்பட்டு இழுத்தா லக்கே உடைஞ்சு கையோட வந்துரும்.

340 கே காட்டுற ரெசிஸ்டர் போயிடுச்சு, அதை மாத்திடுங்க. சர்க்யூட்ல பேரலலா வேற பார்ட்ஸ் இருந்தா ரீடிங் குறையத்தான் செய்யும், ஏறவே ஏறாது, அதோட பழைய கார்பன் ரெசிஸ்டர் வயசாக வயசாக மதிப்பு ஏறுறது வழக்கம்தான். எங்கயாவது சார்ஜ் மிச்சம் இருந்தா மட்டும் மீட்டர் ஏமாத்தும், அதனால ப்ரோபை மாத்தி வச்சும் ஒரு தடவை பாருங்க. 47 கே 31 காட்டுறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஒரு காலை மட்டும் தூக்கிட்டு அளங்க.

ஆனா நீங்க சொல்ற கோளாறுக்கு எனக்கு சந்தேகமெல்லாம் அவுட்புட் வால்வோட கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் உள்ள போற காலுக்கு, போற கப்ளிங் கண்டென்சர் மேலதான், சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கிறதுதான் அதோட வேலை. பேப்பர் கண்டென்சரா இருந்தா, ஓரத்துல மெழுகு கசிஞ்சு தூசி ஒட்டியிருக்கான்னு பாருங்க. மீட்டர் அதுக்குக் கொடுக்கிறது ரெண்டு மூணு வோல்ட், செட்ல அது தாங்கவேண்டியது 200 வோல்ட் பக்கம், அதான் மீட்டர்ல ஓகேன்னு வந்துட்டு செட்ல லீக் ஆகுது, அதாவது டிசியைக் கிரிட்டுக்குக் கசிய விட்டு வால்வை சூடாக்கி சவுண்டை உடைக்குது, சூடு ஏற ஏற லீக்கும் கூடுது.

ப்ளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையில இருக்கிற பெரிய ஃபில்டர் கண்டென்சரை 10 கே 5 வாட் ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணுங்க, ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, வோல்ட் இறங்கிடுச்சான்னு மீட்டர் வச்சு உறுதி பண்ணுங்க. இப்ப கண்டென்சரோட கிரிட் பக்கத்துக் காலை மட்டும் தூக்கி, எதுலயும் படாம விட்டு, அதுல சிவப்பு ப்ரோபையும் சேசிஸ்ல (செட்டோட உலோகத் தட்டு) கருப்பையும் முதலை கிளிப் போட்டு மாட்டிட்டு, மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு அப்புறமா ஆன் பண்ணுங்க, ஓடும்போது உள்ள கை வைக்கவே கூடாது. முதல்ல வோல்ட் குபீர்னு ஏறும், அது சார்ஜ் ஆகுறது, நல்ல கண்டென்சர்னா மளமளன்னு இறங்கி சைபர்கிட்ட வந்துரும். லீக் இருந்தா இருபது, முப்பதுன்னு அப்படியே நிக்கும், டிஜிட்டல் மீட்டர் 10 மெகா ஓம் இருக்கிறதால சின்ன லீக்கைக்கூட விடாது. செட் சூடாகுறவரைக்கும் பார்த்துட்டே இருங்க.

ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்ல சேசிஸ்லயே மெயின்ஸ் வரலாம், ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (செட்டை மெயின்ஸ்லேர்ந்து தனியா பிரிக்கிறது) இல்லாம இந்த வேலைக்குப் போகாதீங்க.

லீக்னு தெரிஞ்சா அதே மதிப்புல 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போடுங்க. போட்டதும் கிரிட்ல வோல்ட் பாருங்க, சைபர்கிட்ட இல்ல கொஞ்சம் நெகட்டிவ்ல நிக்கணும், புது கண்டென்சர் போட்டும் சூடானதும் பாசிட்டிவ்ல ஏறுதுன்னா அந்த அவுட்புட் வால்வையே மாத்திப் பாருங்க.