பட்டிமன்றத்துக்கு ஈரானை எடுங்கள்

வணக்கம். 'அணு ஆயுதத்தைத் தடுக்கப் போர் வேண்டாம், பொருளாதாரத் தடை போதும்' என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசும்போது எதிரணி வடகொரியாவைக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

மழுப்பாதீர்கள். 2006-இல் ஐ.நா. தடை வந்த பிறகும் வடகொரியா 2017-க்குள் இன்னும் ஐந்து முறை அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. சரி, அதை ஒப்புக்கொண்டுவிட்டு ஈரானுக்கு வாருங்கள். 2012-இல் ஐரோப்பா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து ஈரான் வங்கிகளை வெட்டிவிட்டார்கள். எண்ணெய் விற்றாலும் காசு கைக்கு வராது! 2015 ஒப்பந்தத்தில் யுரேனியச் செறிவூட்டலை, அதாவது அணுகுண்டுக்கு உதவும் வகை யுரேனியத்தின் பங்கைக் கூட்டுவதை, 3.67 சதவீதத்தோடு நிறுத்த ஈரான் சம்மதித்தது.

அப்புறம் 2018-இல் அமெரிக்கா விலகித் தடையைத் திரும்பப் போட, 2021-இல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. எதிரணி எடுப்பதற்குள் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். 1990-களின் ஈராக்கை மட்டும் தொடாதீர்கள். அங்கே தடையால் மருந்துக்கு அல்லாடிய மக்களின் கதை உங்கள் கட்சியையே கவிழ்த்துவிடும்.